கடைக்கு ஒரு முகவரி, இன்பாக்ஸ் ஒன்றே

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரத்தில் தஞ்சாவூரில் இருந்து அம்மா போன் செய்தார். குரலில் பதற்றம். "பேங்க்ல இருந்து மெயில் வந்திருக்குப்பா. இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள கேஒய்சி புதுப்பிக்கலேன்னா அக்கவுண்ட்டை முடக்கிடுவாங்களாம். கீழே லிங்க் இருக்கு. அழுத்தட்டுமா?"

அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன், அப்பா விட்டுச் சென்ற பிக்ஸட் டெபாசிட் எல்லாம் அந்த ஒரே வங்கியில்தான் இருக்கின்றன. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, லிங்க்கைத் தொடாதே. மெயிலோட மேல 'டு'ன்னு இருக்கும் பாரு. அதுல எந்த முகவரி இருக்கு?" கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "புடவைன்னு ஆரம்பிக்குதுப்பா" என்றார்.

"அப்ப அது பேங்க் இல்ல. டெலிட் பண்ணிடு."

வங்கியின் சின்னம், மேலாளரின் பெயர், வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் அச்சு அசலாக இருந்த மெயில் அது. பின்னர் அதனை நானே பார்த்தேன். அவசரத்தில் இருந்தால் நானும் கிளிக் செய்திருப்பேன். ஆனால் "புடவை" என்று தொடங்கும் அந்த முகவரியை உலகத்தில் ஒரே ஒரு ஆன்லைன் ஜவுளிக் கடைக்குத்தான் தந்திருந்தோம். வங்கிக்கு அந்த முகவரி தெரியவே தெரியாது. கடையில் இருந்து யாரோ பட்டியலை எடுத்துவிட்டார்கள். அதை வாங்கியவர் வங்கி வேஷம் போட்டு வந்திருக்கிறார். அவ்வளவுதான்.

இந்த வகை முகவரிக்கு இமெயில் ஏலியாஸ் என்று பெயர். பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலர் முயற்சி செய்துவிட்டு, "இது நமக்குச் சரிப்படாது" என்று விட்டிருப்பீர்கள். நானும் ஒரு முறை விட்டவன்தான். ஏலியாஸ் பயன்படுத்துவதில் எங்கே சிக்கல் வருகிறது, அந்தச் சிக்கலை எப்படிக் குறைத்துக் கொள்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். தனிநபர் ரகசியத்தை முக்கியமாகக் கருதும் மெயில் சேவைகளில் இப்போது இது எளிதாகிவிட்டது.

முருகன் (எ) முருகேசன்

வாக்காளர் பட்டியலிலும், கோர்ட் நோட்டீஸிலும் "முருகன் (எ) முருகேசன்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் இரண்டு, ஆள் ஒருவர். இமெயில் ஏலியாஸும் அதுதான். முகவரிகள் எத்தனை இருந்தாலும், கடிதங்கள் வந்து சேர்வது ஒரே இன்பாக்ஸில்தான். புனைபெயரில் எழுதும் எழுத்தாளருக்கு வாசகர் கடிதம் பத்திரிகை அலுவலகம் வழியாகப் போகும் அல்லவா? எழுத்தாளரின் வீட்டு முகவரி வாசகருக்குத் தெரியாது. கடிதம் மட்டும் சரியாகப் போய்ச் சேரும். நல்ல ஏலியாஸ் சேவை அந்தப் பத்திரிகை அலுவலகம் போலச் செயல்படுகிறது.

"தனித்தனியாக நான்கு இமெயில் கணக்குகள் வைத்துக் கொண்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். வைத்துப் பாருங்கள். நான்கு பாஸ்வேர்ட், நான்கு இன்பாக்ஸ். மூன்றாவது மாதம் இரண்டு கணக்குகளைத் திறந்து பார்ப்பதையே மறந்துவிடுவீர்கள்.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இன்று நம் இமெயில் முகவரி வெறும் கடிதப் பெட்டி இல்லை. பெரும்பாலான தளங்களில் அதுதான் யூசர் நேம். ஒரு தளத்தில் திருடப்பட்ட பட்டியலையும் இன்னொரு தளத்தில் திருடப்பட்ட பட்டியலையும் ஒட்டுவதற்கு உதவும் நூலும் அதுவே. 2013-ல் அடோபி நிறுவனத்தில் இருந்து 15 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் வெளியே போயின. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட், "ஹேவ் ஐ பீன் போன்ட்" என்ற தளத்தைத் தொடங்கினார். அதில் உங்கள் முகவரியை டைப் செய்து பாருங்கள். இதுவரை எந்தெந்தக் கசிவுகளில் அந்த முகவரி இருந்தது என்று காட்டும். பத்து வருடங்களாக ஒரே முகவரியைப் பயன்படுத்துபவர் என்றால், நீளமான பட்டியலுக்குத் தயாராக இருங்கள். எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டையும் வைத்திருந்தால், முதலில் எழுந்து போய் அதை மாற்றிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கூட்டல் குறி வைத்தியம்

ஏலியாஸ் என்றதும் முதலில் சொல்லப்படும் வழி, கூட்டல் குறி. ஜிமெயில் கணக்கு இருந்தால் இதை இப்போதே செய்து பார்க்கலாம். உங்கள் முகவரி ரவி@ஜிமெயில்.காம் என்று வைத்துக் கொள்வோம். (புரிவதற்காகத் தமிழில் தருகிறேன். டைப் செய்கையில் ஆங்கில எழுத்துக்களில்தான் தர வேண்டும்.) புத்தகக் கடைக்கு முகவரி தருகையில் ரவி+புத்தகம்@ஜிமெயில்.காம் என்று தாருங்கள். எந்த செட்டிங்ஸும் மாற்ற வேண்டியதில்லை. மெயில் உங்கள் இன்பாக்ஸுக்கே வரும். கூட்டல் குறிக்குப் பின் உள்ளதை ஜிமெயில் கண்டு கொள்ளாது. அதேபோல பெயரின் நடுவே எத்தனை புள்ளி வைத்தாலும் ஜிமெயிலுக்கு ஒன்றுதான்.

எளிது, இலவசம். ஆனால் இதனை நான் யாருக்கும் முதல் மருந்தாகச் சிபாரிசு செய்வதில்லை. காரணங்கள் உண்டு. கூட்டல் குறியும் அதன் பின் உள்ளதும் தெரிந்த ரகசியம். பட்டியலை விற்பவர் ஒரே ஒரு கட்டளையில் அத்தனை முகவரிகளிலும் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடலாம். மிஞ்சுவது உங்கள் உண்மையான முகவரி. இரண்டாவது, பல தளங்களின் படிவங்கள் கூட்டல் குறியையே ஏற்றுக் கொள்வதில்லை. "சரியான இமெயில் முகவரி தரவும்" என்று சிவப்பு எழுத்தில் கோபித்துக் கொள்ளும். சில தளங்கள் பதிவு செய்கையில் ஏற்றுக் கொண்டு, பின்னர் விலகும்போது தகராறு செய்யும். இணைய முகவரிகளில் கூட்டல் குறி என்பது இடைவெளியையும் குறிக்கும் என்பதால், "இனி மெயில் வேண்டாம்" என்ற லிங்க்கில் உங்கள் முகவரி உடைந்து போய், அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வரும். உள்ளே விடுவார்கள், வெளியே விட மாட்டார்கள்.

மூன்றாவது காரணம்தான் பெரியது. நீங்கள் பதில் போட்டால், சாதாரணமாக அது ரவி@ஜிமெயில்.காம் என்ற முகவரியில் இருந்தே போகும். ஒரே பதிலில் வேஷம் கலைந்துவிடும். இதற்கு ஜிமெயிலில் வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் கணக்குகள் பற்றிய டேபைக் கிளிக் செய்திடவும். எந்த முகவரியில் இருந்து மெயில் அனுப்புவது என்ற பிரிவில், கூட்டல் குறியுடன் உள்ள முகவரியைச் சேர்க்கலாம். அதற்கு அருகிலேயே, மெயில் எந்த முகவரிக்கு வந்ததோ அதே முகவரியில் இருந்து பதில் அனுப்பும்படி செட் செய்திடவும் வசதி உள்ளது. செய்து வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் இதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது?

நடுவில் ஒரு அஞ்சலகம்

முழுமையான ஏலியாஸ் என்றால், அதைப் பார்த்து உண்மையான முகவரியைக் கண்டுபிடிக்க முடியக் கூடாது. இந்த வேலையைச் செய்யும் சேவைகளில் எனக்குப் பழக்கமானது சிம்பிள்லாகின். ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். 2022 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் புரோட்டான் நிறுவனம் இதனை வாங்கியது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக் கூடத்தில் பணியாற்றியவர்கள் 2014-ல் தொடங்கிய புரோட்டான் மெயில், என்கிரிப்ஷன் செய்து மெயில்களைச் சேமிக்கும் சேவை என்பதால் பலருக்கும் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்தது பயனாளர்களுக்கு நல்லதாகப் போயிற்று. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் இது எப்படிச் செயல்படுகிறது என்று தெரிந்து கொள்வது அவசியம். தெரியாமல் பயன்படுத்தித்தான் நான் மாட்டிக் கொண்டேன்.

கடை உங்கள் ஏலியாஸுக்கு மெயில் அனுப்புகிறது. அது முதலில் ஏலியாஸ் சேவையின் சர்வருக்குப் போகும். சர்வர் தன் பட்டியலைப் பார்க்கும். இந்த ஏலியாஸ் யாருடையது, திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? திறந்திருந்தால் உங்கள் உண்மையான இன்பாக்ஸுக்கு அனுப்பும். அனுப்பும் முன் ஒரு சின்ன வேலை செய்யும். அனுப்புநர் முகவரியை மாற்றி, கடையின் முகவரிக்குப் பதிலாகத் தானே உருவாக்கிய ஒரு விசேஷ முகவரியை வைக்கும். இதற்கு ரிவர்ஸ் ஏலியாஸ் என்று பெயர். நீங்கள் வழக்கம் போல ரிப்ளை அழுத்தினால், பதில் அந்த விசேஷ முகவரிக்குப் போகும். அதாவது மீண்டும் அதே சர்வருக்கு. அங்கே உங்கள் உண்மையான முகவரி நீக்கப்பட்டு, ஏலியாஸ் வைக்கப்பட்டு, கடைக்குப் போகும். கடைக்காரருக்கு நடுவில் அஞ்சலகம் இருப்பதே தெரியாது.

பதில் போடும் வரை எல்லாம் சுகம். நாமாக முதலில் எழுதும்போதுதான் சங்கடம். ஒரு முறை பழைய பிரிண்டர் விற்பவர் ஒருவரின் தளத்தில் ஏலியாஸ் தந்து பதிவு செய்திருந்தேன். ஒரு வாரம் கழித்து அவரிடம் கேட்ரிட்ஜ் பற்றிக் கேட்க நினைத்து, என் வழக்கமான மெயிலில் கம்போஸ் அழுத்தி, அவர் முகவரியை டைப் செய்து அனுப்பினேன். அனுப்பிய மறு வினாடி உறைத்தது. என் சொந்த முகவரியில் இருந்து, கீழே பெயர், போன் நம்பர் கொண்ட கையெழுத்துடன் போய்விட்டது. ஏலியாஸுக்கு ஆன செலவு வீண். தவறு சேவையுடையது இல்லை, என்னுடையது.

முதலில் எழுத வேண்டும் என்றால், ஏலியாஸுக்குரிய பக்கத்தில் காண்டாக்ட்ஸ் என்ற பிரிவில் எதிராளியின் முகவரியைச் சேர்க்க வேண்டும். உடனே ஒரு ரிவர்ஸ் ஏலியாஸ் கிடைக்கும். அதைக் காப்பி செய்து, "டு" கட்டத்தில் ஒட்டி எழுதினால், ஏலியாஸில் இருந்து எழுதியதாகப் போய்ச் சேரும். இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். "சிசி" கட்டத்தில் வேறு யாருடைய நேரடி முகவரியையாவது சேர்த்தால், அவருக்கு நடுவில் அஞ்சலகம் கிடையாது. உங்கள் உண்மையான முகவரியில் இருந்து போகும். மெயிலின் கீழே தானாக வரும் கையெழுத்தையும் பார்த்துக் கொள்ளுங்கள். முகத்தை மூடிக் கொண்டு விசிட்டிங் கார்டு நீட்டிய கதையாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "அனுப்பியவர் முகவரியை நன்றாகப் பாருங்கள், விசித்திரமாக இருந்தால் திறக்காதீர்கள்" என்று இத்தனை நாளும் நாம் எல்லோருக்கும் பாடம் எடுத்து வந்திருக்கிறோம். ஏலியாஸ் வழியாக வரும் ஒவ்வொரு மெயிலிலும் அனுப்பியவர் முகவரி விசித்திரமாகத்தான் இருக்கும்! அம்மா முதல் வாரத்தில் நல்ல மெயில்களை எல்லாம் பயந்து பயந்து அழித்துக் கொண்டிருந்தார். சிம்பிள்லாகின் செட்டிங்ஸில், அனுப்புநர் பெயருடன் அசல் முகவரியும் சேர்ந்து தெரியும்படி வைக்கலாம். அப்படியும் அம்மாவுக்கு நான் சொல்லித் தந்தது வேறு பாடம்: "யார்கிட்ட இருந்து வந்ததுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, எந்த வாசல் வழியா வந்ததுன்னு பாரு." அந்தப் பாடம்தான் அன்று வங்கி விஷயத்தில் கை கொடுத்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தவறான வாசலில் வந்த மெயில் போலி என்று தைரியமாகச் சொல்லலாம். சரியான வாசலில் வந்துவிட்டதாலேயே அது உண்மை என்று சொல்ல முடியாது. வங்கிக்கு மட்டும் தந்த முகவரியும் ஒரு நாள் கசியலாம். எந்த வாசலில் வந்தாலும், மெயிலில் உள்ள லிங்க் வழியாக வங்கித் தளத்துக்குப் போகாதீர்கள். முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

மூன்று டேபில் இருந்து ஒரு கிளிக்

நான் முதன்முதலில் ஏலியாஸ் பயன்படுத்தியபோது நடந்தது இது. ஒரு கடைத் தளத்தில் பதிவு செய்யும் படிவம். இமெயில் கேட்கிறது. இன்னொரு டேபில் ஏலியாஸ் தளத்தைத் திறந்து, பாஸ்வேர்ட் தந்து உள்ளே போய், புதிய ஏலியாஸ் உருவாக்கி, காப்பி செய்து, முதல் டேபுக்குத் திரும்பி ஒட்டினால், "நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் தொடங்கவும்" என்கிறது படிவம். பிறகு உறுதி செய்யும் மெயிலைப் பார்க்க மூன்றாவது டேபில் மெயில். இரண்டு வாரம் இப்படிச் செய்தேன். மூன்றாவது வாரம் வழக்கமான முகவரியையே தரத் தொடங்கினேன். பத்து எழுத்து டைப் செய்வதைவிட அதிக நேரம் பிடிக்கும் எந்தப் பாதுகாப்பையும் மனிதர்கள் விட்டுவிடுவார்கள். நான் விட்டேன். அம்மாவுக்குச் சொல்லித் தரவே எனக்கு மனம் வரவில்லை.

மெயில் சேவைக்குள்ளேயே இந்த வசதி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. புரோட்டான் மெயிலை பிரவுசரில் திறந்தால், வலது ஓரத்தில் உள்ள ஐகான்களில் கேடயம் போன்ற ஒன்று இருக்கும். அதைக் கிளிக் செய்திடவும். அங்கேயே புதிய ஏலியாஸ் உருவாக்கலாம். ஏற்கனவே உள்ளவற்றைப் பார்த்துக் காப்பி செய்யலாம். 2023-ல் வந்த புரோட்டான் பாஸ் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரின் எக்ஸ்டென்ஷனை பிரவுசரில் பதிந்து கொண்டால் இன்னும் சுலபம். எந்தத் தளத்திலும் இமெயில் கட்டத்தில் கர்சரை வைத்தால், முகவரியை மறைக்கவா என்று அதுவே கேட்கும். ஒரு கிளிக், ஏலியாஸ் உருவாகிக் கட்டத்தில் அமர்ந்துவிடும். அந்தத் தளத்திற்கான பாஸ்வேர்டும் அதே இடத்தில் சேமிக்கப்படும். எந்த ஏலியாஸ் எந்தத் தளத்திற்கு என்று நாம் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டியதில்லை. இலவசக் கணக்கில் 10 ஏலியாஸ்கள் கிடைக்கின்றன. சாதாரண வீட்டுக்கு இது தொடக்கத்துக்குப் போதும். ஆன்லைனில் நிறைய வாங்குபவருக்கு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும்.

பெயர் வைப்பதில் கொஞ்சம் யோசியுங்கள். இந்த ஏலியாஸில் முதல் பகுதியை நாம் தரலாம். அதன் பின்னால் யாரும் ஊகிக்க முடியாத சில எழுத்துக்களை சேவையே சேர்த்துக் கொள்ளும். முதல் பகுதியில் கடையின் முழுப் பெயரை வைத்தால், நமக்கு அடையாளம் காண எளிது. ஆனால் ஒரு கடைக்காரர், "எங்க கடை பேர்ல நீங்க எப்படி மெயில் வச்சிருக்கீங்க?" என்று சந்தேகத்துடன் என்னிடம் கேட்டிருக்கிறார். விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது பொருளின் பெயரை வைக்கிறேன். புடவை, செருப்பு, குக்கர். அம்மாவுக்கும் அதுதான் பிடிபடுகிறது.

கவுண்ட்டரில் நின்று வாயால் சொல்ல வேண்டி வரும்போது இந்தத் தானியங்கி எழுத்துக்கள் பெரிய தொல்லை. பில் போடும் பெண்ணிடம் பொருளற்ற எட்டு எழுத்துக்களைச் சொல்லி, பின்னால் நிற்கும் வரிசையின் சாபத்தை வாங்கிக் கட்டிக் கொள்ள வேண்டும். இதற்கு வேறு வழி உண்டு. முன்கூட்டியே உருவாக்காமல், வாயில் வந்த பெயரைச் சொன்னால் போதும். முதல் மெயில் வரும்போது ஏலியாஸ் தானாக உருவாகிவிடும். சிம்பிள்லாகினில் கட்டணம் செலுத்தினால் உங்களுக்கென ஒரு துணை டொமைன் பெற்று இப்படிச் செய்யலாம். முன்னர் அனான்அடி என்று இருந்து 2023-ல் பெயர் மாறிய அடி.ஐஓ சேவையிலும், ஆஸ்திரேலியாவின் பாஸ்ட்மெயிலிலும் இந்த வசதி உண்டு. மருந்துக் கடையில் நின்று கொண்டு "மருந்து, அட், என் பெயர்..." என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். குறை என்னவென்றால், உங்கள் துணை டொமைன் தெரிந்துவிட்டால், அதன் முன்னால் எதை வேண்டுமானாலும் போட்டு யாரும் மெயில் அனுப்பலாம். பணம் சம்பந்தப்பட்ட இடங்களுக்கு இந்த முறை வேண்டாம்.

நான் செய்த தவறு

இப்போது சொல்ல வெட்கமான ஒரு விஷயம். தொடக்கத்தில் ஏலியாஸ்களை மிச்சம் பிடிக்க நினைத்து, அம்மாவுக்கு "மருத்துவம்" என்று ஒரே ஏலியாஸ் உருவாக்கி, திருச்சியில் உள்ள மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை நிலையம், ஆன்லைன் மருந்துக் கடை மூன்றுக்கும் தந்தேன். சில மாதங்களில் அந்த முகவரிக்கு மூட்டு வலி எண்ணெய், சர்க்கரை நோய்க்கு மூலிகைப் பொடி என்று தினமும் பத்து மெயில்கள் வரத் தொடங்கின. மூன்றில் யார் கசிய விட்டார்கள் என்று எனக்குத் தெரிய வழியில்லை. கோபத்தில், ஏலியாஸுக்கு அருகே உள்ள சுவிட்சைத் தள்ளி அதை மூடிவிட்டேன். மெயில்கள் நின்றன. எனக்கு நானே சபாஷ் போட்டுக் கொண்டேன்.

மருத்துவமனையில் அம்மாவின் கண் மருத்துவர் விடுப்பில் போனதால், சந்திப்பை அடுத்த வாரத்துக்கு மாற்றி மெயில் அனுப்பியிருந்தார்கள். மூடிய வாசலுக்கு வந்த மெயில் அது. எங்களுக்கு வரவில்லை. ஒரு கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக் கொண்டிருந்த அம்மா, காலை ஐந்து மணிக்கு எழுந்து, பஸ் பிடித்து, 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஏழரை மணிக்கு அங்கே போய் உட்கார்ந்து, பதினொரு மணிக்கு விஷயம் தெரிந்து திரும்பினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லப்பா, மலைக்கோட்டையைப் பார்த்துட்டு வந்தேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றே இரண்டு மாற்றங்கள் செய்தேன். ஒருவருக்குத் தந்த ஏலியாஸை இன்னொருவருக்குத் தருவதில்லை. இலவச எண்ணிக்கை போதவில்லை என்றால் கட்டணம் செலுத்துகிறேன். அல்லது முக்கியமில்லாத தளத்தில் சேராமல் இருக்கிறேன். இரண்டாவது, ஒரு ஏலியாஸில் குப்பை வந்தால் உடனே மூடுவதில்லை. முதலில் செட்டிங்ஸில் உள்ள பில்டர் வசதியில், பெறுநர் முகவரி இந்த ஏலியாஸாக இருந்தால் இன்பாக்ஸுக்கு வராமல் தனி போல்டருக்குப் போகும்படி அமைக்கிறேன். ஒரு மாதம் அந்த போல்டரைப் பார்க்கிறேன். தேவையானது எதுவும் வரவில்லை என்று உறுதியான பிறகே மூடுகிறேன். மூடுவது என்றால் முடக்குவது மட்டும்தான், அழிப்பதில்லை. முடக்கியதை மீண்டும் திறக்கலாம். இந்தச் சேவைகளில் அழித்தல், முடக்குதல் இரண்டு பட்டன்களும் அருகருகே இருக்கும்; கவனமாகக் கிளிக் செய்திடவும்.

எங்கே வேண்டாம்

வங்கி, வருமான வரி, பென்ஷன், ஆதார் போன்றவற்றுக்கு நான் இத்தகைய ஏலியாஸ் தருவதில்லை. நடுவில் உள்ள அஞ்சலகம் ஒரு நாள் கடையை மூடினாலோ, உங்கள் கணக்கு முடங்கினாலோ, அதன் டொமைனில் உள்ள அத்தனை ஏலியாஸ்களும் போய்விடும். ஜவுளிக் கடை மெயில் போனால் நஷ்டமில்லை. பாஸ்வேர்ட் மாற்றும் மெயில் வங்கியில் இருந்து வர வழியில்லாமல் போனால் அலைச்சல் யாருக்கு? அம்மாவுக்கு வங்கிக்கென்றே வேறெங்கும் தராத ஒரு தனி முகவரி வைத்திருக்கிறோம். சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, அதை ஏலியாஸ் சேவையுடன் இணைப்பது இன்னும் உறுதியான வழி. சேவை பிடிக்கவில்லை என்றால் டொமைனை எடுத்துக் கொண்டு வேறு இடம் போகலாம். ஆனால் டொமைனை ஆண்டுதோறும் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் அதை வாங்குகிறவர் கைக்கு உங்கள் மெயில்கள் எல்லாம் போகும்.

சில தளங்கள் ஏலியாஸ் சேவைகளின் டொமைன்களைப் பட்டியல் போட்டு வைத்து ஏற்க மறுக்கின்றன. அங்கே வேறு வழியில்லை. அந்தத் தளம் வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

புரோட்டான்தான் என்று இல்லை. ஐபோன் வைத்திருந்து ஐகிளவுட் பிளஸ் கட்டணம் செலுத்துபவர்களுக்கு, ஹைட் மை இமெயில் என்ற பெயரில் 2021-ல் இருந்தே இந்த வசதி போனுக்குள்ளேயே இருக்கிறது. பயர்பாக்ஸ் ரிலே இலவசமாக 5 முகவரிகள் தருகிறது. டக்டக்கோ தரும் ஏலியாஸ்கள் இலவசம். மெயிலில் ஒளிந்திருக்கும் டிராக்கர்களையும் நீக்கி அனுப்பும். அவுட்லுக் மெயில் பயன்படுத்துபவர்கள் மைக்ரோசாப்ட் கணக்கிற்குள்ளேயே கூடுதல் பெயர்களைச் சேர்க்கலாம். அதில் பலருக்கும் தெரியாத ஒரு செட்டிங் உண்டு. எந்தெந்த ஏலியாஸ் கொண்டு கணக்கில் நுழையலாம் என்பதை நாமே தீர்மானிக்கலாம். ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய முகவரியில் நுழையும் அனுமதியை எடுத்துவிட்டு, யாருக்கும் சொல்லாத ஒரு பெயருக்கு மட்டும் அனுமதி தந்துவிட்டால், பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் ஆட்கள் பழைய பெயரில் எத்தனை முறை முட்டினாலும் கதவு திறக்காது. மெயில் மட்டும் வழக்கம் போல வந்து கொண்டிருக்கும்.

என்கிரிப்ஷன் உள்ள மெயில் சேவை என்பதால் எல்லாமே ரகசியம் என்று எண்ணிவிட வேண்டாம். கடையில் இருந்து வரும் மெயில் சாதாரண மெயிலாகத்தான் வருகிறது. வந்து சேர்ந்த பிறகே பூட்டி வைக்கப்படுகிறது. புரோட்டானில் மெயிலின் சப்ஜெக்ட் வரிக்கு முழுமையான என்கிரிப்ஷன் கிடையாது. மேலும், வாங்கிய பொருள் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் வீட்டு முகவரியும் போன் நம்பரும் தந்தே ஆக வேண்டும். அதற்கு ஏலியாஸ் ஒன்றும் செய்ய முடியாது.

அம்மா இப்போது டைரியின் கடைசிப் பக்கத்தில் ஏலியாஸ்களை எழுதி வைத்திருக்கிறார். இடது பக்கம் கடை, வலது பக்கம் முகவரி. பாஸ்வேர்ட் மேனேஜரில் எல்லாம் இருக்கிறதே என்றால், "கரண்ட் இல்லேன்னா?" என்கிறார். சென்ற வாரம் மீண்டும் போன். பின்னணியில் மிக்ஸி ஓடும் சத்தம், யாரோ விலை சொல்லும் சத்தம்.

"பாத்திரக் கடையில நிக்கிறேன்ப்பா. வாரண்டி கார்டுக்கு மெயில் கேக்கறாங்க. குக்கர்னு ஏற்கனவே ஒண்ணு இருக்கு, அது வேற கடை. இதுக்கு என்ன பேர் வைக்கட்டும்?"